கல் வரிசையைப் படித்துச் சொன்னவன்

பாறையைத் தவிர ஒன்றும் இல்லாத சரிவில் மண் சுமந்து கொட்டி மிளகுக்கொடி ஏற்றியவன் நான். சோளக்காடு என்ற ஊரில் பஸ் நிற்கும் இடத்தில் சொந்தக் கடை போட்டவன் நான். எங்கள் ஊருக்கு ஜீப் ஏறாது என்று எல்லோரும் சிரித்தபோது, கடப்பாரையோடு முதலில் இறங்கி வழி வெட்டியவனும் நான்தான். படித்தது மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் மாடு மேய்த்தேன். இத்தனையையும் ஒத்துக்கொள்கிறவர்கள், ஒரு புத்தகத்தில் எனக்கும் பங்கு உண்டு என்றால் மட்டும் வேறு பக்கம் பார்க்கிறார்கள்.

மலைச் சாமிகளைப் பற்றியும் மலையின் பழைய வரலாற்றைப் பற்றியும் எழுத ஒரு பேராசிரியர் வந்தார். நான்கு நாள் எங்கள் வீட்டில் சாமைச் சோறு சாப்பிட்டார். நான்கு நாளும் என்னைப் 'பெரியவரே' என்றுதான் கூப்பிட்டார். கோயில் காட்டுக்குள் வரிசையாக நட்டிருக்கும் கற்களைக் காட்டினேன்.

"இது பழைய வேலியா பெரியவரே?" என்றார்.

"வேலி இல்லீங்க. காட்டைத் திருத்திப் புதுசா ஊடு கட்டுன ஒவ்வொரு குடும்பமும் ஒரு கல்லு நட்டுதுங்க. மேக்கால இருக்கறது மொதல்ல வந்தவங்களோடது. கடைசிக் கல்லு எங்க பாட்டன் நட்டது. எந்த ஊட்டுக்காரங்க எப்ப வந்தாங்கன்னு இதைப் பாத்தே சொல்லிப்புடலாமுங்க."

அவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு ரெக்கார்டரை என் வாயருகே நீட்டி, "உங்க பேரைச் சொல்லிட்டு, இதை மறுபடி சொல்லுங்க" என்றார்.

அந்தக் காட்டுக்குள் எங்கள் ஆட்கள் யாரும் தன் பேரைச் சொல்வதில்லை. சாமி இருக்கும் இடத்தில் நான் இன்னார் என்று நெஞ்சை நிமிர்த்தக் கூடாது. தலையை ஆட்டி மறுத்துவிட்டு, கற்களைப் பற்றி மட்டும் சொன்னேன்.

'பெரியவர், மிளகுக் கடை, சோளக்காடு' என்ற முகவரியோடு புத்தகம் தபாலில் வந்தது. விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் ஆனது. கல் வரிசை அத்தியாயம் 'கள ஆய்வில் தெரியவந்தது' என்று தொடங்குகிறது, கல்லே எழுந்து வந்து அவரிடம் பேசியது போல. அடியில் பொடி எழுத்தில் என்னைப் போட்டிருக்கிறார்: 'பெயர் வெளியிட விரும்பாத முதியவர்.'

நான் வாசித்ததைக் கேட்டு என் மனைவி சிரித்தாள். "ஊரு பூரா உங்க பெருமைய நீங்களே பேசிட்டுத் திரியறீங்க. ஒரே ஒருத்தர் மெனக்கெட்டுக் கேட்டாரு, அவருகிட்ட வாயைக் கட்டிக்கிட்டீங்களாக்கும்."

பேராசிரியருக்குப் போன் போட்டேன்.

"நீங்கதானே பெரியவரே வேண்டாம்னு தலையாட்டினீங்க?"

"காட்டுக்குள்ள சொல்லக் கூடாதுங்க. ஊட்டுல வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நாலு நாள் சோறு போட்டவன் பேரு என்னன்னு உங்களுக்குக் கேக்கவே தோணலீங்களா?"

"அடுத்த பதிப்புல பாக்கலாம்" என்றார். கடைக்கு வந்து மிளகை மோந்து பார்த்துவிட்டு, வாங்காமல் போகிறவர்களும் இதையேதான் சொல்வார்கள்.

பாட்டன் நட்ட கல்லுக்குப் பக்கத்தில் எனக்குக் கல் கிடையாது, திருத்துவதற்கு இனிக் காடும் இல்லை. எனக்கு இருப்பது அந்த அத்தியாயம்தான். என் பேரைத் தனித்தாளில் எழுதி, கீழே இதையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அவருக்கு அனுப்பியிருக்கிறேன்: 'விரும்பாத' என்ற சொல்லை எடுங்கள். நான் விரும்புகிறேன். அத்தியாயத்தின் தலையிலேயே, பொடி எழுத்தில் இல்லாமல், இதைச் சொன்னவன் இன்னான் என்று என் பேரைப் போடுங்கள்.