அளவுக்குக் கொடுத்த ஜாக்கெட்

முதலில் தெரிந்தது ஜாக்கெட்டின் கையில்தான்.

தாம்பரத்திலிருந்து பீச் போகும் காலை ரயில். மேலே தொங்கும் வளையத்தைப் பிடித்து நின்றிருந்தேன். மேல்கையை இறுக்கிப் பிடித்து நிற்கவேண்டிய ஜாக்கெட் கை, அன்று சறுக்கிக்கொண்டு தோள்வரை வந்துவிட்டது. எதிரில் உட்கார்ந்திருந்த பெண் என் அக்குளைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கையை இறக்கினேன். பல்லாவரம் வரை எதையும் பிடிக்காமல் ஆடிக்கொண்டே நின்றேன்.

இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கு அந்தச் சறுக்கல் தெரிந்திருக்கும். துணி பெரிதாகிவிட்டது, துவைத்துத் துவைத்துத் தளர்ந்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். உடம்பு சுருங்கிவிட்டது என்று தோன்ற நாளாகும்.

எனக்கு இரண்டு மாதம் ஆனது. காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது. முப்பத்தைந்து வயதில், ஆபீஸில் முதுகுக்குப் பின்னால் "குண்டு மேடம்" என்று பெயர் வாங்கியவள் நான். ஒருநாள் பக்கத்து சீட்டுக்காரி, "என்ன மேடம், பாதியா ஆயிட்டீங்க! ரகசியத்த எங்களுக்கும் சொல்லுங்களேன்" என்றாள்.

"ஒண்ணுமில்ல. ராத்திரி ரெண்டே ரெண்டு சப்பாத்தி" என்றேன், ஏதோ தவம் செய்தவள் மாதிரி.

அந்த இரண்டையும் பிய்த்துப் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன் என்று சொல்லவில்லை. சாயங்காலம் தப்பாமல் வரும் காய்ச்சலை வெயில் என்றேன். விடியற்காலை நனைந்திருக்கும் தலையணையைப் புழுக்கம் என்றேன். நோய் என் சதையை ஒவ்வொரு பிடியாக அள்ளிக்கொண்டு போனது. நான் கண்ணாடி முன் நின்று இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சேலையூர் பக்கம் இரண்டு அறை உள்ள வாடகை வீடு. கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. அவருடைய தங்கை வசந்திக்கு இருபத்துமூன்று வயது. அவர்களுக்குப் பெற்றோர் இல்லை, ஆகவே அவளுக்கு நாங்கள்தான் எல்லாம். இருந்த ஒரே மின்விசிறிக்குக் கீழே அவளும் நானும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுப்போம். கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிடுவோம்.

ஐப்பசி மழையில் இருமல் வந்தது. ஒரு காலை, துப்பியதில் சிவப்பாக ஒரு நூல் இருந்தது.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் சளி வாங்கினார்கள். நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். காசநோய். "சளி பாசிட்டிவ்" என்று சீட்டில் எழுதியிருந்தது (கிருமி சளியில் இருக்கிறது, இருமும்போது காற்று வழியாக அடுத்தவருக்குப் போகும் என்று பொருள்). டாக்டரம்மா என் வயதுக்காரர். நிமிர்ந்து பார்த்துப் பேசினார்.

"பயப்படாதீங்க. ஆறு மாசம் மாத்திரை, குணமாயிடும். ஒரு நாள்கூட விடக் கூடாது. வீட்டுல யார் யாரு?"

"அவரு. நாத்தனார்."

"உங்க ரூம்ல படுக்கறது?"

"நாத்தனார்."

"அப்ப அவங்கள நாளைக்கே கூட்டிட்டு வந்துடுங்க."

சரி என்றேன். நாளைக்கே என்ற சொல்லுக்கும் சேர்த்துத்தான் சரி என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில், கூட வந்திருந்த கணவர், "இப்ப என்ன பண்றது? வசந்தி நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்கு" என்றார். அவர் கேட்கத்தான் கேட்டார். "அது முடியட்டும். அப்புறம் வசந்தியக் காட்டிக்கலாம்" என்று சொன்னது நான். பிற்பாடு பல பேரிடம் இதை "நாங்க முடிவு பண்ணினோம்" என்று சொல்லியிருக்கிறேன். இங்கே அப்படி எழுத மனம் வரவில்லை.

மாப்பிள்ளை வீடு செம்பாக்கத்தில். சம்பந்தத்தைக் கொண்டுவந்தது கமலா அக்கா. மாப்பிள்ளை வீட்டுத் தெருவிலேயே வாசலில் மெஷின் போட்டுத் தைப்பவர். பத்து வருஷமாக என் ஜாக்கெட்டெல்லாம் அவர் கையால்தான். நிச்சயத்துக்கு எனக்கு எடுத்த அரக்குப் பட்டுக்கும் அவரிடம்தான் ஜாக்கெட் தைக்க வேண்டும். வேறு கடைக்குப் போனால் ஏன் என்று கேட்பார். நேரில் போய் நின்றால் டேப்பைப் போடுவார். டேப் சொல்லிவிடும்.

நம் பக்கத்தில் தெரிந்த தையல்காரிக்கு நேரில் போய் அளவு கொடுப்பது அபூர்வம். நன்றாக உட்கார்ந்த பழைய ஜாக்கெட் ஒன்றைத் துணியோடு பையில் போட்டு அனுப்பிவிடுவோம். அளவு ஜாக்கெட் என்று அதற்குப் பெயர். என் அளவு ஜாக்கெட் இரண்டு வருஷத்துக்கு முந்தையது. அதையே மடித்து வசந்தியிடம் கொடுத்தேன்.

அவள் அதைத் தன்மேல் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அண்ணி, இதுக்குள்ள நானும் சேந்து நுழையலாம் போலிருக்கே! இதுவா அளவு?"

"கிண்டல் பண்ணாதேடி. நிச்சயத்துக்குள்ள உடம்பு ஏறிடும்."

"அதான் மறைச்சு மறைச்சு டானிக் குடிக்கறீங்களா?"

அவள் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "பனி. தலைல துணி கட்டிக்கிட்டுப் போ" என்றேன்.

அவள் பாயைக் கூடத்துக்கு மாற்றினேன், நான் குறட்டை விடுகிறேன் என்று சொல்லி. என் டம்ளரைத் தனியாக வைத்தேன். கணவர் தன் கம்பெனி டிஸ்பென்சரியில் நெஞ்சுப் படம் எடுத்துக்கொண்டார். ஒன்றும் இல்லை. அவருக்கு இல்லையென்றால் இவளுக்கும் இருக்காது என்று சொல்லிக்கொண்டேன். அவர் பாதி நாள் ராத்திரி ஷிஃப்டில் இருந்தார் என்பதும், இவள் என் மூச்சுக்குப் பக்கத்தில் படுத்திருந்தாள் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்ததை ஓரமாக வைத்துவிட்டு வெற்றிலை பாக்குக்குப் பட்டியல் போட்டேன்.

நிச்சயத்தன்று அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டபோது அது எனக்குப் பக்கத்தில் நின்ற வேறொருத்தியின் உடுப்பு மாதிரி இருந்தது. உள்ளே ஒரு பழைய ஜாக்கெட்டைப் போட்டு நிரப்பினேன். முதுகில், அக்குளில், தோளில் என்று ஒன்பது ஊக்குகள் குத்தினேன். முந்தானையை இரண்டு தோளுக்கும் சுற்றிப் போர்த்திக்கொண்டேன். பட்டுக்குள் வியர்வை ஓடியது.

பழத்தட்டை எடுக்கக் குனிந்தேன். முதுகில் ஒரு ஊக்கு வாயைத் திறந்து சுருக்கென்று குத்தியது. ஜாக்கெட்டின் தோள் நழுவி முழங்கையை நோக்கி இறங்கியது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தியது. கமலா அக்கா.

"இன்னா கண்ணு இது? நான் தச்ச துணியா இது? துணி மூட்டை கட்டி வெச்ச மாதிரி கீது?"

"அளவு கொஞ்சம் பெரிசா..."

"நீ குடுத்த அளவுதான். நாலு பேர் வந்துகினு போற எடத்துல என் தையலக் கேவலப்படுத்திட்டியே. திரும்பு."

ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். உள் ஜாக்கெட்டையும் அவிழ்க்கச் சொன்னார். விரல்கள் என் முதுகெலும்பின் மேல் வந்து நின்றன. பிறகு மெதுவாக விலா எலும்புகளின் மேல் போயின. துணி அளக்கிற கை அது. பட்டு ஜாக்கெட்டை மட்டும் திரும்பப் போடச் சொன்னார். புடவைத் தலைப்பில் குத்தியிருந்த ஊசியை எடுத்து நூல் கோத்தார். போட்டிருக்கும் துணியை உடம்போடு வைத்துத் தைக்கக் கூடாது என்பார்கள், ஆகாது என்பார்கள். அவர் தைத்தார்.

"எத்தினி நாளா மாத்திரை?"

நான் முந்தானையை இழுத்து முன்னால் பிடித்துக்கொண்டேன்.

"என் வூட்டுக்காரருக்கு வந்துது. இந்த முதுகு எனக்குத் தெரியும். சொல்லு."

"மூணு வாரம் ஆகப்போவுதுக்கா."

"பொண்ணுக்குப் பாத்தியா? படம் எடுத்தியா?"

"இது முடிஞ்சதும்..."

ஊசி நின்றது. வெளியே யாரோ லக்னப் பத்திரிகை வாசிக்கிற குரல் கேட்டது.

"காலைலேர்ந்து அது இருமிக்கினே கீது. எனக்குக் கேக்குது. உனக்குக் கேக்கல?"

"அக்கா, மாப்பிள்ளை வீட்டுல சொல்லிடாதீங்க."

அவர் என் முதுகுக்குக் கிட்டே குனிந்து பல்லால் நூலைக் கடித்து அறுத்தார். மூச்சு சுட்டது. "இப்பவும் நீ அத்தத்தான் கேக்குற, பாரு" என்றார். கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

நான் தைக்கப்பட்ட ஜாக்கெட்டோடு வெளியே வந்து தட்டை மாற்றிக்கொண்டேன். அளவாக இருந்தது.

மறுநாள் வசந்தியை அழைத்துப் போனேன். வலது நுரையீரலின் மேல் மூலையில் சின்ன நிழல். டாக்டரம்மா படத்தைப் பார்த்தார், என் சீட்டில் இருந்த தேதியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

வராந்தா பெஞ்சில் வசந்தி கேட்டாள்: "உங்களுக்கு எப்போ தெரியும் அண்ணி?"

சொன்னேன்.

"அண்ணனுக்கு எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

"ஓ" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பல மாதங்கள் என்னிடம் அவ்வளவு நீளமாகக்கூட அவள் பேசவில்லை.

அந்தப் பத்தொன்பது நாளால்தான் நோய் வந்ததா என்று டாக்டரம்மாவிடம் தனியாகப் போய்க் கேட்டேன். "அதுக்கு முன்னாடியே தொத்தியிருக்கலாம். ஆனா சீக்கிரம் வந்திருந்தா சீக்கிரம் ஆரம்பிச்சிருப்போம். அவ்வளவுதான் நான் சொல்ல முடியும்" என்றார். ஆறுதலுக்குப் போயிருந்தேன். அவர் உண்மையைக் கொடுத்து அனுப்பினார்.

கமலா அக்கா யாரிடமும் சொல்லவில்லை. வசந்தியே தனியாகச் செம்பாக்கம் போய் மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டு வந்தாள். ஒரு வருஷம் போகட்டும் என்றார்கள். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து பேச்சு வரவில்லை.

காலையில் இருவரும் ஒரே குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு ரிஃபாம்பிசினை (சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும் சிவப்பு மாத்திரை, வெறும் வயிற்றில் போடவேண்டியது) விழுங்குவோம். அவள் இளைத்தாள். அவளுடைய சுடிதார்கள் தொங்கத் தொடங்கின. ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்திரிக்கோலை எடுத்து உட்கார்ந்து, தன் துணிகளைத் தானே வெட்டித் தைத்தாள்.

"கொஞ்சம் உள்ளே விட்டுத் தையேன். திரும்ப உடம்பு வரும்" என்றேன்.

"வரப்போ பாத்துக்கலாம். இப்ப இருக்கறதுக்குத்தான் இப்பத் துணி" என்றாள், தலையைத் தூக்காமல். வெட்டிய துண்டுகளைக் குப்பையில் போட்டாள்.

பெரிதாகிப்போன துணிகளை என்ன செய்வது என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. தெரிந்ததைச் சொல்கிறேன். துணியால் இந்த நோய் பரவாது. சோப்புப் போட்டு அலசி வெயிலில் காயவைத்தால் போதும், எரிக்க வேண்டாம். அலமாரி முழுவதையும் ஒரே நாளில் வெட்டவும் வேண்டாம். வெளியே போக இரண்டு உடுப்பைப் பிடித்துத் தைத்துக்கொள்ளுங்கள், மற்றதை மூட்டை கட்டி வையுங்கள். உள்பாவாடை நாடாவை மட்டும் அடிக்கடி பாருங்கள், அது நடுத்தெருவில் காலை வாரும். தையல்காரி ஏன் என்று கேட்டால் சொல்லிவிடுங்கள். நான் பழைய ஜாக்கெட்டுகளை எங்கள் தெருவில் போடாமல், இரண்டு தெரு தள்ளிப்போய்ப் பாத்திரக்காரியிடம் போட்டேன். ஒரு எவர்சில்வர் மூடி கிடைத்தது. அந்த மூடியை எந்தப் பாத்திரத்தின் மேலும் வைக்க மனம் வரவில்லை.

பட்டு ஜாக்கெட்டை மட்டும் பாத்திரக்காரியிடம் போடவில்லை. ஐந்தாம் மாதம் என் சதை திரும்பியது. அதைப் போட்டுப் பார்த்தேன், இறுக்கியது. கமலா அக்கா முதுகில் போட்ட தையலைப் பிரித்தேன். குட்டிக் குட்டியான, ஒரே மாதிரியான தையல்கள், கோபத்தோடு போட்டவை என்று யாரும் சொல்ல முடியாது. பிரித்து முடித்ததும் ஜாக்கெட் எனக்குக் கச்சிதமாக இருந்தது. கழற்றி வைத்துவிட்டேன்.

வசந்திக்குக் குணமானது. ஆறு மாதம் முடிந்து எடுத்த படத்தில் நிழல் இருந்த இடத்தில் ஒரு தழும்பு மட்டும். மூன்று வருஷம் கழித்து அஸ்தினாபுரத்தில் கல்யாணமாகிப் போனாள். பெண் பார்க்க வந்த அன்றே, காபித் தட்டைக் கீழே வைத்த கையோடு, தனக்கு வந்து போனதை மாப்பிள்ளையிடமே சொல்லிவிட்டாள். இப்போது அவளுக்குப் பத்து மாதத்தில் ஒரு பெண்.

போன மாதம் அவள் வீட்டில் குழந்தை என் மடியில் இருந்தாள். நான் இருமினேன். ஒரே ஒரு தடவை.

"எத்தனை நாளா அண்ணி?"

"நாலு நாளா."

அவள் இரண்டு கையையும் நீட்டினாள். கோபம் இல்லை. குழந்தையைக் கொடுத்தேன். அவள் கேட்கும் முன்னாலேயே கொடுத்திருக்க வேண்டும்.

மறுநாளே போய்ச் சளி கொடுத்தேன், படம் எடுத்தேன். ஒன்றும் இல்லை, வெறும் ஜலதோஷம். சீட்டை எடுத்துக்கொண்டு நேராக அஸ்தினாபுரம் போனேன். வசந்தி வாசலில் நின்றே படித்தாள். தேதியைப் படித்தாள், திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். பிறகு மடித்து என்னிடம் தராமல், உள்ளே கொண்டுபோய்த் தன் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

"உக்காருங்க. சாப்பிட்டுத்தான் போகணும்" என்றாள்.

உட்கார்ந்தேன். குழந்தை தவழ்ந்து வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். எனக்கு நோயில்லை என்று எழுதிய தாள் அடுத்த அறையில் பூட்டியிருக்கிறது. ஆனாலும் முகத்தை வேறு பக்கம் திருப்பித்தான் என்னால் மூச்சுவிட முடிந்தது.