மடு மாதாவும் ஐந்து போத்தல் வைனும்

யேசுரட்ணம் வைன் செய்கிறார், ஆனால் குடிப்பதில்லை என்றால் ரொறன்ரோவின் பார்க்டேல் தமிழரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். நம்பாததற்கு நியாயமும் உண்டு. மன்னாரில் அவர் குடித்த குடி அப்படி.

1992இல் மனைவி அன்ரனெற்றை மன்னாரில் விட்டுவிட்டு ரொறன்ரோவில் வந்து இறங்கியவர், ஊர்ப்பக்கத்து மடுக் கோயில் மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்தார். அவள் இங்கே வந்து சேரும்வரை ஒரு சொட்டும் தொடமாட்டேன். வைத்த கையோடு வேலை கிடைத்தது. எங்கே? நயாகராப் பக்கம், கார்லோ என்ற இத்தாலியரின் குடும்பத் திராட்சைத் தோட்டத்தில், வைன் பீப்பா கழுவ! மாதாவுக்கும் பகிடி விடத் தெரியும் என்பது அன்றுதான் அவருக்கு விளங்கியது.

அந்தத் தோட்டத்தின் பெருமையே ஒரு சிவப்பு வைன்தான். மூன்று வகைத் திராட்சையில் செய்ததைக் கலந்து எடுப்பது. கார்லோ தன் மனைவியின் பெயரையே அதற்கு வைத்திருந்தார்: டொமெனிக்கா. முதல் வருடம், கலக்க எடுத்த பீப்பா ஒன்றை மோந்து பார்த்த யேசுரட்ணம் கையை விரித்து மறித்தார். இது கெடப்போகிறது என்றார். கார்லோ சுவைத்தார், ஒரு குறையும் தெரியவில்லை. இரண்டு கிழமையில் அது புளித்து வினாகிரியாகிவிட்டது. கள்ளு முட்டியோடு பழகிய மூக்கென்றால் சும்மாவா? அதன்பிறகு இவர் மோந்து பார்க்காமல் டொமெனிக்கா போத்தலுக்குள் போனதில்லை.

ஒரு வாய் குடித்துப் பார் என்று கார்லோ கெஞ்சாத வருடமில்லை. இவர் பேர்சைத் திறந்து அன்ரனெற்றின் படத்தைக் காட்டுவார். கார்லோ தலையில் அடித்துக்கொள்வார். பிறகு அந்த வருடத்துப் போத்தல் ஒன்றைத் தாளில் சுற்றி, அவள் வரும் நாளுக்கு என்று கொடுத்துவிடுவார். நல்ல மனுசன்.

ஐந்து போத்தல் சேர்ந்தபிறகு, 1997 ஆவணியில், அன்ரனெற் வந்தாள்.

அவள் குளித்துச் சாப்பிட்டு ஆறும்வரை பொறுத்திருந்த யேசுரட்ணம், முதல் போத்தலை உடைத்தார். கிளாசில் வார்த்தார். வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"இஞ்சாருங்கோ, அதைக் கீழை வையுங்கோ!"

"ஏனப்பா? என்ரை நேத்தி இண்டையோட முடிஞ்சுது."

"உங்கடை முடிஞ்சுது. என்ரை கிடக்கு. எனக்கு விசா கிடைச்சா நீங்கள் சாகுமட்டும் குடியைத் தொடமாட்டியள் எண்டு மடுவிலை நேந்துபோட்டன்."

"என்னை ஒரு சொல்லுக் கேக்காமலோ?"

"நீங்கள்தானே விட்டாச்சு எண்டு எழுதினியள். பிறகென்ன, லேசுதானே எண்டு நினைச்சன்."

அந்தோனியாரிடம் நேர்ந்திருந்தால் கொஞ்சம் பேரம் பேசியிருப்பார். மடு மாதாவிடம் வாய் திறக்க முடியுமா? கிளாசைப் பார்த்தார். ஐந்து வருடம் பாவி மனுசன் வாசத்தை மட்டுமே கண்டவர். கோபப்படவும் அவரால் முடியவில்லை. யாருக்காகக் காத்திருந்தாரோ அவள் எதிரில் இருக்கிறாள்.

"உமக்கு ஒரு நேத்தியும் இல்லைத்தானே?"

"எனக்கென்னத்துக்கு? நான் என்ன குடிகாரியே?"

கிளாசை அவள் கையில் கொடுத்தார். அவள் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள். கிளாசை உற்றுப் பார்த்துவிட்டு இன்னொரு வாய் குடித்தாள்.

"முதல் கைக்குது. பிறகு, விழுங்கினாப்போலை, நாவற்பழம் மாதிரி ஒரு இனிப்பு வருதப்பா."

அந்த இனிப்பு வரும் என்று மோந்து பார்த்தே சொல்லி, கார்லோவோடு சண்டை பிடித்து ஒரு பீப்பாவை மேலதிகமாகக் கலக்கவைத்தவர் அவர். வந்திருக்கிறது! யேசுரட்ணத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"இன்னொருக்காக் குடியும்," என்றார். "ஆறுதலாக் குடிச்சு, ஒண்டும் விடாமல் சொல்லும்."