யாராவது வேலைக்குப் போறீங்களா?

எங்கள் கல்லூரி மைதானத்தைப் பார்த்து யாரும் அதை மைதானம் என்று சொல்லிவிட மாட்டார்கள். ஒரகடத்திலிருந்து படப்பை போகிற சாலையில், ஒரு லாரி யார்டுக்கும் கல்லூரியின் பின்சுவருக்கும் நடுவில் கிடந்த செம்மண் தரை அது. பக்கத்தில் கட்டடம் கட்டியவர்கள் விட்டுவிட்டுப் போன சாரக் குழாய்கள்தான் கோல் கம்பங்கள். ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். மழை பெய்த மறுநாள் பள்ளத்துப் பக்கத்து கோல்கீப்பர் நிற்கமாட்டான், மிதப்பான்.

அங்கே இரண்டு வருடம் பந்து உதைத்தேன். ஆடினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பழைய பி.டி. மாஸ்டர் பந்தை எங்கள் நடுவில் தூக்கிப் போட்டுவிட்டு எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்துவிடுவார். இருட்டினால் எழுந்து வந்து பந்தை வாங்கிக்கொண்டு போவார். எங்கள் கல்லூரி எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுத்ததில்லை. அவர் ஓய்வு பெற்றுப் போன வருடம் எனக்குக் கடைசி வருடம். அப்போதுதான் புதுக் கோச் வந்தார். பல்கலைக்கழக மண்டலப் போட்டியில் இந்த வருடம் நாம் ஆடுகிறோம் என்று வந்த அன்றே சொன்னார்.

கல்லூரி ஜெர்சியைப் போட்டுக்கொண்டு, நடுவர் விசில் ஊதுகிற ஓர் உண்மையான மேட்ச்சில் ஒரே ஒரு தடவை இறங்க வேண்டும். அதை அம்மா பார்க்க வேண்டும். அந்த வருடம் எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். பெரிய ஆசை என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

கோச் வடசென்னைக்காரர். நாற்பது வயது இருக்கும். முதல் நாள் நாங்கள் 'சார்' என்றதும் முகத்தைச் சுளித்தார்.

"சார் மோர்லாம் கிளாஸ்ல வெச்சிக்கோ. மாஸ்டர்னு கூப்டு, போதும்."

எங்களை மேட்டுப் பக்கம் உட்கார வைத்து, ஒவ்வொருவன் காலையும் ஷூவையும் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு கேட்டார்.

"யார்னா வேலைக்குப் போறீங்களா? இருந்தா சொல்லுங்க. அதுக்கேத்த மாரி டைம் வெச்சிக்கலாம்."

யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

எங்கள் பக்கத்து ஆளாக இல்லாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். எங்களுடையது மதியம் தொடங்குகிற கல்லூரி. டீமில் பாதிப் பேருக்கு மேல் எங்கேயாவது வேலை பார்த்தவர்கள்தான். ஒருவன் சூப்பர் மார்க்கெட்டில் மூட்டை இறக்கினான், ஒருவன் சாப்பாடு டெலிவரி செய்தான். நான் இருங்காட்டுக்கோட்டையில், கார் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்கிற கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். வேலைக்கு எடுத்த ஏஜென்சிக்காரர் முதலில் சொன்னதே, "படிக்கிறேன்னு மட்டும் உள்ள சொல்லிடாத, அனுப்பிடுவாங்க" என்பதுதான். கல்லூரியில் அதற்கு நேர் எதிர். எங்கள் துறைத் தலைவர் ஒருநாள், "யாரெல்லாம் கஷ்டப்பட்டு வேலைக்குப் போயிட்டே படிக்கிறீங்கப்பா?" என்று தேன் ஒழுகக் கேட்டார். நம்பிக் கையைத் தூக்கிய இரண்டு பேரின் வீட்டுக்கு மறுநாளே போன் போனது. வருகைப் பதிவு குறைந்தால் ஹால் டிக்கெட் கிடையாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். அதனால் கம்பெனி வாசலில் கல்லூரி டேக்கைக் கழற்றிப் பைக்குள் போடுவோம், கல்லூரி வாசலில் கம்பெனி டேக்கைக் கழற்றுவோம். அந்தக் கேள்வியை எவன் எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் எங்களுக்கு வாய் தானாகப் பூட்டிக்கொள்ளும்.

கோச் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு, "சரி, அப்போ காலைல வெச்சிக்கலாம். ஏழு மணிக்கு எல்லாரும் கிரவுண்டுல இருக்கணும்" என்றார்.

மதியம் கல்லூரி என்பதால் எனக்கு நைட் ஷிப்ட் ஒன்றுதான் ஒத்துவந்தது. அதுவரை காலையில் வந்து படுத்து, மதியம் எழுந்து கல்லூரிக்குப் போய், சாயங்காலம் பந்து உதைத்துவிட்டு கம்பெனி பஸ் ஏறுவேன். காலைத் தூக்கம் போனால் எனக்கு வேறு தூக்கம் இல்லை. சாயங்காலம் தூங்கலாமே என்று கேட்பீர்கள். வீடு போய்ச் சேர்ந்து, குளித்து, கண்ணை மூடினால் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

கம்பெனி பஸ் காலையில் வல்லக்கோட்டைத் திருப்பத்தில் நிற்கும். எங்கள் வீடு அங்கேதான். என்னோடு நைட் பார்த்தவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே இறங்கி வீட்டுக்குப் போவார்கள். நான் ஜன்னல் வழியாக எங்கள் தெருவைப் பார்த்துக்கொண்டே ஒரகடம் தாண்டிப் போய் கல்லூரி நிறுத்தத்தில் இறங்குவேன். நிழற்குடைக்குப் பின்னால் சட்டையை மாற்றிக்கொண்டு, சேஃப்டி ஷூவைப் பைக்குள் திணித்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடுவேன். கையில் ரப்பர் வாசனை மட்டும் எவ்வளவு கழுவினாலும் போகாது.

முதல் இரண்டு வாரம் நன்றாகத்தான் போனது. அந்த மனிதர் எங்களுக்குக் கால்பந்து என்றால் என்ன என்று அப்போதுதான் காட்டினார். பந்து இல்லாமல் எங்கே நிற்பது, எப்போது கத்துவது, எப்போது சும்மா இருப்பது என்று ஒவ்வொன்றாக ஆடிக் காட்டுவார். கோபம் வந்தால் பந்தைத் தூக்கி லாரி யார்டுக்குள் அடித்துவிட்டு அவரே போய் எடுத்துவருவார். பயிற்சி முடிந்ததும் டிபன் பாக்ஸில் ஊறவைத்த கொண்டைக்கடலை கொண்டுவந்து ஆளுக்கு ஒரு பிடி கொடுப்பார்.

ஒருநாள் என் தலையைத் தட்டி, "இவன் பந்து வர்றதுக்கு முன்னாடியே அங்க நிக்கிறான் பாரு. கண்ணு நல்லா கீதுடா உனக்கு" என்றார். அன்றைக்கு பஸ்ஸில் வீடு திரும்பும்போது எனக்குத் தூக்கமே வரவில்லை. சந்தோஷத்தில்தான். அம்மாவிடம் சொன்னேன். ஒரு கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவுகிற வேலை அம்மாவுக்கு. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"மேட்ச் அன்னிக்கு நானும் வர்றேன்டா. நீ ஓடுறத ஒருவாட்டியாவது பாக்கணும்" என்றது அம்மா.

மூன்றாவது வாரத்திலிருந்து என் உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. மூளை போ என்று சொன்ன பிறகு கால் யோசித்துவிட்டுப் போனது. ஓடினால் வாந்தி வந்தது. கோச் எனக்கு மட்டும் கூடுதலாக இரண்டு ரவுண்டு கொடுத்தார். அப்புறம் ஒருநாள் என்னைத் தனியாக ஓரம் கட்டினார்.

"கண்ணு இன்னா இப்டி செவந்து கீது? நைட்டுல இன்னா பண்ற? தண்ணி கிண்ணி போடுறியா?"

"இல்ல மாஸ்டர்."

"அப்போ விடிய விடிய போன நோண்டிக்கினு கீறியா?"

தலையைக் குனிந்துகொண்டேன். ஆமாம் என்று அவர் எடுத்துக்கொண்டார். அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது. வேலைக்குப் போகிறவனை டீமிலிருந்து எடுத்துவிடுவார் என்றுதான் என் புத்திக்குப் பட்டது. எங்கள் கோல்கீப்பர்தான் கேப்டன், என் கூட்டாளி. அவனுக்கு எல்லாம் தெரியும். "நான் போயி சொல்லட்டா மச்சான்?" என்று கேட்டான். சொன்னால் உன்னோடு பேசமாட்டேன் என்றேன். அதற்குப் பிறகு எனக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு மொத்த டீமும் சேர்ந்து மறைத்தது. நான் தாமதமாக வந்தால் ஷூ லேஸ் அறுந்துபோச்சு மாஸ்டர் என்பான் ஒருவன். வயிற்றுப்போக்கு என்பான் இன்னொருவன். அந்தப் பருவத்தில் எனக்கு வராத வியாதியே இல்லை.

பெயர் அனுப்புவதற்கு முன்னால் எங்களுக்குள்ளேயே இரண்டு அணி பிரித்து ஒரு மேட்ச் வைத்தார். பந்து எதிர்ப்பக்கத்தில் நெடுநேரம் சுற்றிக்கொண்டிருந்தது. வெயில் அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது, முதுகுக்கு இதமாக இருந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது கேப்டன் என் பெயரைச் சொல்லி அலறியதுதான். நான் நின்றுகொண்டே தூங்கியிருக்கிறேன். பந்து என் காலுக்குப் பக்கத்தில் உருண்டுபோய் கோலுக்குள் கிடந்தது. எதிரணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கோச் சிரிக்கவில்லை. விசிலை ஊதி, என்னை வெளியே வரச்சொன்னார்.

அன்றே பெயர்கள் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டன. ஆடுகிறவர்களிலும் நான் இல்லை, மாற்று ஆட்களிலும் நான் இல்லை. வகுப்பில் கடைசி பெஞ்சில் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். தூங்குகிறேன் என்று நினைத்து லெக்சரர் சாக்பீஸால் அடித்தார்.

மறுநாள் காலை பயிற்சிக்குப் போக எனக்கு ஒரு காரணமும் இல்லை. வல்லக்கோட்டையில் இறங்கியிருக்கலாம். பழக்கத்தில் கல்லூரி நிறுத்தத்தில் போய் இறங்கினேன். டேக்கைக் கழற்ற வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. யாரிடம் மறைப்பது இனி? எதிரே டீக்கடையில் கோச் டம்ளரோடு நின்றிருந்தார். அவர் பார்வை பஸ்ஸுக்குப் போய், என் யூனிபாரத்துக்கு வந்து, கழுத்து டேக்கில் நின்றது.

"நைட்டா?"

"ஆமா மாஸ்டர்."

"எப்போலேர்ந்து?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடிலேர்ந்தே."

டம்ளரை பெஞ்சில் வைத்தார்.

"அன்னிக்கிக் கேட்டனேடா. வேலைக்குப் போறவன் இருந்தா சொல்லுன்னு வாயத் தொறந்து கேட்டனே. சாயங்காலத்துல வேலை கீலைன்னு போவீங்களேன்னுதான் காலைல வெச்சேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா மாத்தியிருப்பேனேடா, பாவி."

அவர் அங்கேயே நின்று யாருக்கோ போன் போட்டார். முன்னும் பின்னும் நடந்துகொண்டே கெஞ்சினார். அனுப்பிய பெயரை மாற்ற முடியாது என்று அந்தப் பக்கத்திலிருந்து சொல்லியிருக்க வேண்டும். போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, "போ. வூட்டுக்குப் போயி தூங்கு" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு மைதானத்தில் அவர் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. "நாளையிலேர்ந்து சாயங்காலம் ப்ராக்டிஸ். காலைல எனக்கு வேற வேலை கீது" என்று மட்டும் சொன்னாராம். அவருக்குக் காலையில் ஒரு வேலையும் இல்லை என்று எனக்குத் தெரியும். யாரையும் காட்டிக்கொடுக்காமல் இருக்க அவரும் எங்களைப் போலவே பொய் சொல்லப் பழகிவிட்டார்.

சாயங்காலப் பயிற்சிக்கு நானும் போனேன். எதிரணிக்கு ஆள் வேண்டுமே. காலையில் தூங்கி எழுந்த உடம்பு திரும்ப என் பேச்சைக் கேட்டது. பந்து வருவதற்கு முன்னால் அங்கே நின்றேன். எங்கள் ஃபார்வர்டு என்னைத் தாண்ட முடியாமல் திட்டினான். கோச் ஒருமுறை என்னைப் பார்த்து வாயைத் திறந்தார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கோன்களை அடுக்கப் போய்விட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் மோசமாக ஆடியிருந்தால் ஆறியிருக்கும்.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தினமும் நினைத்தேன். அம்மா என் காலுறைகளைத் துவைத்து உலர்த்திக்கொண்டிருக்கும், நான் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்துவிடுவேன்.

முதல் மேட்ச் எங்கள் மைதானத்திலேயே நடந்தது. அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியது. நான் சாதாரண பேன்ட் சட்டையில் கோட்டுக்கு வெளியே நின்றிருந்தேன். என் பக்கத்தில் வந்து நின்று உள்ளே ஆடுகிறவர்களைப் பார்த்தது, அப்புறம் என் பேன்ட் சட்டையைப் பார்த்தது.

"நீ எப்போடா எறங்குவ?"

"அப்பறமா எறக்குவாங்கம்மா."

இடைவேளை முடிந்தது. இரண்டாம் பாதியும் ஓடியது. அம்மா ஒவ்வொரு முறையும் ஆள் மாற்றும்போது என் கையைத் தொட்டது. கடைசி விசில் ஊதியபோது நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். பசங்கள் கோச்சைத் தோளில் தூக்கினார்கள். அவர் அங்கிருந்தபடியே கோட்டுப் பக்கம் என்னைத் தேடினார். நான் அம்மாவை அழைத்துக்கொண்டு சாலைக்கு வந்துவிட்டேன்.

ஷேர் ஆட்டோவில் ஏறினோம். ஒரகடம் தாண்டியதும் அம்மா சொன்னது.

"எப்பவும் காய்ச்சல், சாவுன்னு எதனா பொய்ய சொல்லித்தான் லீவு கேப்பேன். இந்தவாட்டி மனசு வரல. எம் புள்ள காலேஜ்ல ஃபுட்பால் ஆடுறான், பாக்கப் போறேன்னு உள்ளதச் சொன்னேன். சூப்பர்வைசர் சிரிச்சிக்கினே குடுத்துட்டாரு. கேண்டீன்ல எல்லாருக்கும் தெரியும் இப்போ."

நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு வந்து நிப்பாளுங்க, இன்னா ஆச்சுன்னு."

"ஜெயிச்சோம்னு சொல்லும்மா."

"சொல்றேன். உம் புள்ள எப்டி ஆடுனான்னு கேட்டா?"

வல்லக்கோட்டைத் திருப்பம் வந்தது. இறங்கினோம். அம்மா பதிலுக்காகக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தது.