அருளம்மாவின் மெட்டு

துஷ்யந்தி கிற்றார் பழகியது மன்னார்த் தீவின் பேசாலை மாதா கோயில் பாடகர் குழுவுக்காக. ஸ்கொட்லாந்து மெட்டுகளுக்குள் அவள் போனது ஒரு பழுதினால். 2020இல், ஊரடங்கு நாட்களில், ஆறாம் தந்தியை முறுக்கும் திருகு தேய்ந்துபோனது. எவ்வளவு முறுக்கினாலும் தந்தி ஒரு சுரம் இறங்கியே நின்றது. கடைகள் எல்லாம் பூட்டு. இறங்கிய தந்தியோடு வாசிக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று கைபேசியில் தேடினாள். ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவர் வேண்டுமென்றே அதே தந்தியை இறக்கி, கூடவே இன்னும் இரண்டு தந்திகளையும் இறக்கி வைத்துக்கொண்டு தங்கள் ஊர்ப் பழைய மெட்டு ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தார். கீழ்த் தந்திகள் விடாமல் முனக, மேலே மெட்டு தனியே நடந்தது. அன்று அவள் சோறு வடிக்க மறந்துபோனாள்.

அவளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. மன்னார் நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை. கணவன் ஜெயரூபன் படகு இயந்திரங்கள் திருத்துபவன். பிள்ளைகள் இல்லை. வேலை விட்டு வந்து, சமையல் முடித்து, ஒரு மணித்தியாலம் கிற்றாரோடு இருப்பாள். அந்த மெட்டுகளில் பாதி, காற்றடைத்த தோற்பையோடு ஊதும் பாக்பைப்பில் ஊதியவை. அந்த வாத்தியத்தில் ஒலியை இடையில் நிறுத்த முடியாது. ஒரே சுரம் இரண்டு தடவை வந்தால், நடுவில் விரலால் சின்னதாக ஒரு வெட்டு வெட்டித்தான் பிரித்துக் காட்டுவார்கள். அந்த வெட்டைத் தந்தியில் கொண்டுவர அவளுக்கு ஒரு மாரிகாலம் முழுவதும் பிடித்தது.

அடுத்த வருடம் அவளுடைய தாய் அருளம்மா இறந்தாள். செத்தவீட்டில் அழாத துஷ்யந்தி, முப்பத்தோராம் நாள் பூசைக்கு முந்திய கிழமையில் ஒரு மெட்டுச் செய்தாள். ஸ்கொட்லாந்துக்காரர் இறந்தவர்களுக்காக வாசிக்கும் மெதுவான நடையில் அது தானாக வந்தது. பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் அதை வாசித்தபோது முதலில் கண் கலங்கியவன் கொலின்ஸ். அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். பாடகர் குழுவை நடத்துபவன். கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கும் ஸ்ரூடியோ வைத்திருந்தவன். அருளம்மாவின் சவப்பெட்டியைத் தூக்கிய நால்வரில் அவனும் ஒருவன்.

இதைப் பதிவுசெய்யாமல் விட்டால் பாவம் என்று அவன்தான் சொன்னான். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவனுடைய ஸ்ரூடியோவில் வாசித்தாள். பதினொரு பழைய மெட்டுகள், பன்னிரண்டாவது தாயின் மெட்டு. அவன் கேட்டபடி அவற்றில் மூன்றை அவனுக்கும் பழக்கிவிட்டாள். அதன் பிறகு பதிவைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம், ஒலியைத் துப்புரவாக்கும் வேலை முடியவில்லை என்றான். அவள் நம்பினாள். இரண்டு வருடம் நம்பினாள்.

மருந்துக்கடையில் அவளோடு வேலை செய்த றிஸ்வி, சிலாவத்துறையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவன். ஒரு மத்தியானம் தன் கைபேசியை அவளிடம் நீட்டினான்.

"அக்கா, உங்கட ஊர் கொலின்ஸ் அண்ணன் இவ்வளவு நல்லா கிற்றார் அடிப்பாரோ?"

திரையில் கொலின்ஸின் படம். அவன் மடியில் கிற்றார். ஒலித்தது தாயின் மெட்டு. மூன்றாவது சுற்றில் அவளுடைய சுண்டுவிரல் வழுக்கிய இடம் அப்படியே இருந்தது. ஸ்ரூடியோக் கூரையில் காகம் கத்தியதும் இருந்தது. மெட்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், 'ஸ்கொட்லாந்தின் பழைய மெட்டு, இயற்றியவர் தெரியாது' என்று எழுதியிருந்தது. கீழே யாரோ ஒரு வெள்ளைக்காரர், தன் தகப்பன் மாட்டுக்கொட்டிலில் நின்று இதைச் சீட்டியடிப்பார் என்று எழுதியிருந்தார்.

அன்று பின்னேரம் பஸ்ஸால் இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் நேரே ஸ்ரூடியோவுக்குப் போனாள். கொலின்ஸ் கதிரையை இழுத்துப் போட்டான். அவள் இருக்கவில்லை.

"பழைய மெட்டுகள்தானே துஷி. அதுக்கெல்லாம் ஆர் சொந்தக்காரர்?" என்றான்.

"வாசிச்சது நான். அம்மான்ர மெட்டு பழசும் இல்லை. அது உனக்குத் தெரியும்."

அவன் கணினித் திரையை அணைத்தான்.

"தெரியும். ஆனா பேசாலைப் பொம்பிளை ஒருத்தி செய்தவ எண்டு போட்டா அவங்கள் கேப்பாங்களோ? பழசு எண்டதாலதான் கேட்டவங்கள்."

ஸ்கொட்லாந்தில் ஒரு இசைவிழாவுக்குத் தன்னை அழைத்திருக்கிறார்கள் என்றும், விசாவுக்குக் கொடுத்தாகிவிட்டது என்றும் சொல்லி, விழா முடியும்வரை பொறுத்துக்கொள்ளக் கேட்டான். பழகிய மூன்று மெட்டுகளை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்யப்போகிறாய் என்று அவள் கேட்டாள்.

"ஜெயரூபனைக் கேட்டுத்தான் போட்டனான்" என்றான்.

வீட்டில் ஜெயரூபன் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டு நின்றான். அவள் கேட்டதும் ஒளிக்கவில்லை. போன வருடமே கொலின்ஸ் வந்து கேட்டிருக்கிறான். மனைவியின் பெயரும் படமும் இணையத்தில் வந்தால் கண்டவனும் கண்டதையும் எழுதுவான் என்று பயந்து, உன் பெயரிலேயே போடு என்று இவன் சொல்லிவிட்டான்.

"உமக்கு வாசிக்கிறதுதானே விருப்பம். பேர் என்னத்துக்கு எண்டு நினைச்சன்" என்றான்.

"என்னட்டக் கேட்டிருக்கலாம்."

"கேட்டா நீர் ஓம் எண்டு சொல்லமாட்டீர்."

கொலின்ஸ் செய்தது களவு. அதை அவளால் அப்படியே சொல்ல முடிந்தது. ஜெயரூபன் செய்ததற்கு என்ன பெயர் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு வருடமாக ஒவ்வொரு பின்னேரமும், அவள் வாசிப்பதை அவன் விறாந்தையில் பக்கத்திலேயே இருந்து கேட்டிருக்கிறான். நல்லாயிருக்கு என்றும் சொல்லியிருக்கிறான்.

அவள் விழாக்காரருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினாள். எழுத்துப்பிழையை றிஸ்வி திருத்தினான். முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் யாரோ கைபேசியில் எடுத்த வீடியோவையும் இணைத்தாள். ஒன்பது நாளில் மரியாதையாகப் பதில் வந்தது. பிணக்கு உள்ள பதிவு என்பதால் அதைத் தங்கள் விழாவின் இணையத்தளத்திலிருந்து நீக்கிவிட்டார்கள், அழைப்பையும் திரும்பப் பெற்றுவிட்டார்கள். மெட்டு யாருடையது என்று தங்களால் தீர்மானிக்க முடியாது என்றும் எழுதியிருந்தார்கள். அவளுடைய பெயர் எங்கும் வரவில்லை.

பேசாலையில் பழி அவள் மேல்தான் விழுந்தது. ஒரு பொடியனுடைய வெளிநாட்டுப் பயணத்தைக் கெடுத்தவள் என்றார்கள். பாடகர் குழுவில் அவளுடைய இடத்துக்கு வேறு ஆள் வந்தது. பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியார், அவனை மன்னித்துவிடு மகள் என்றார். கொலின்ஸ் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லையே என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தாள்.

இப்போது சனிக்கிழமைகளில், தலைமன்னார்ப் பக்கம் பறவை பார்க்க வருபவர்கள் தங்கும் ஒரு விடுதியில் வாசிக்கிறாள். தாயின் மெட்டுக்கு முன், இது நான் செய்தது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவாள். ஜெயரூபன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டு, முடியும்வரை கேற்றுக்கு வெளியே நிற்பான். உள்ளே வந்து இருக்கலாமா என்று அவன் ஒருமுறை கேட்டான்.

"இன்னும் இல்லை" என்றாள் துஷ்யந்தி.