பதினெட்டாம் நம்பருக்கு முதுகைக் காட்டியவர்

லிஃப்ட் பழுதுபார்க்கும் மனிதருக்குக் கார்ப் பந்தயப் பித்து எப்படிப் பிடித்தது என்று அவரைத் தெரிந்தவர்கள் யாருக்கும் விளங்கியதில்லை. வாரம் முழுக்க அவர் பார்ப்பதெல்லாம் மேலே போவது, கீழே வருவது, நடுவில் நின்றுபோவது. அவசரம் என்பது அவர் உடம்பிலேயே கிடையாது. நின்றுபோன லிஃப்டின் முன்னால் குடியிருப்பவர்கள் எல்லாரும் கூடி ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தாலும், அவர் பாட்டுக்குத் தரையில் ஒரு துணியை விரித்து, ஸ்பேனர்களைச் சிறியதிலிருந்து பெரியதுவரை அடுக்கி வைத்துவிட்டுத்தான் வேலையில் கை வைப்பார். அப்படிப்பட்ட மனிதர், பந்தயத் தேதி வந்துவிட்டால் போதும், இருப்புக்கொள்ளாமல் வீட்டுக்கும் வாசலுக்கும் நடப்பார்.

அவருக்குக் கோபம் வருவது ஒரே ஒரு பேச்சுக்குத்தான். யாராவது, "இந்த லிஃப்டுக்கு ராசியே இல்லீங்க" என்று சொல்லிவிட்டால் முகம் சிவந்துவிடும். "ராசியெல்லாம் கிடையாது. கிரீஸ் உண்டு, கேபிள் உண்டு. அதைக் கவனிங்க" என்பார். ஊருக்கெல்லாம் இப்படிப் புத்தி சொன்னவர்தான், தன் கண்ணுக்கு ராசி இல்லை என்று மனதார நம்பினார். மனிதனை எந்தக் கணக்கில் சேர்ப்பது சொல்லுங்கள்.

அந்தக் கதை ஆரம்பித்தது மச்சினனால். மனைவியின் தம்பி, டயர்க் கடை வைத்திருப்பவன், வாய் ஓயாதவன். அவன்தான் முதன்முதலில் இவரைத் தன் வேனில் ஏற்றிப் பந்தயத்துக்குக் கூட்டிப்போனான். அங்கே பதினெட்டாம் நம்பர் காரைப் பார்த்தார். நீல நிறம். பெரிய கம்பெனிக் கார்களுக்கு நடுவே ஏதோ தப்பி வந்துவிட்டதுபோல இருந்தது. ஓட்டியது ஒரு இளம்பெண். வளைவு வரும்போது மற்றவர்கள் எல்லாரும் பிரேக் போட்ட பிறகும் அவள் ஒரு மூச்சு பொறுத்துத்தான் போடுவாள். அந்த ஒரு மூச்சில் இவர் நெஞ்சு வாய்க்கு வந்து திரும்பிப் போனது. அன்றே ஆளைக் கவிழ்த்துவிட்டாள். பாதிப் பந்தயத்தில் இன்ஜின் புகைந்து அந்தக் கார் ஓரம்கட்டியபோது, முன்பின் தெரியாத அந்தப் பெண்ணுக்காக இவர் கண் கலங்கினார்.

அடுத்த தடவை கடலோரத்து டிராக். காற்றில் மணல் பறந்து பல்லில் நறநறத்தது. பதினெட்டை எவனோ பின்னாலிருந்து இடித்துத் தள்ளினான். அதற்கடுத்தது பழைய விமானத் தளம், கியர் சிக்கிக்கொண்டது. பிறகு மலைப்பாதை, மழை; வழுக்கிப் போய்ச் சேற்றில் நின்றது. ஒவ்வொரு தடவையும் டயர் வாசம் அடிக்கும் வேனில், ரொட்டியும் அவித்த முட்டையும் ஃபிளாஸ்க்கில் டீயுமாகப் போவார்கள். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார்கள். ஒரு வருடம் ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்றுபோய் இவரால் போக முடியவில்லை. அன்றைக்குப் பார்த்துப் பதினெட்டு ஜெயித்துத் தொலைத்தது. மச்சினன் அங்கிருந்து போன் செய்து ஆனந்தத்தில் கத்தினான். கத்தி முடித்ததும் சட்டென்று குரலைத் தாழ்த்தி, "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்தான்.

அன்றிலிருந்து மச்சினனின் கூட்டாளிகள் நடுவே இவருக்குப் பெயரே பிரேக் என்றாகிவிட்டது. கேலியாகத்தான் வைத்தார்கள். முதலில் இவரும் சேர்ந்து சிரித்தார். சிரித்துச் சிரித்தே உள்ளே இறங்கிவிட்டது. டிவியில் பந்தயம் ஓடும்போதுகூடச் சமையலறைக்குப் போய்ச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நிற்பார். அத்தனை ஆயிரம் பேர் பார்க்கிறார்களே, அவர்கள் கண்ணெல்லாம் கண்ணாடிக் கண்ணா என்று யாராவது கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. ஆனால் இத்தனை வருட ரசிகர், தன் கார் பந்தயம் முடியும் கோட்டைத் தாண்டுவதை ஒரு முறைகூடக் கண்ணால் கண்டதில்லை. அந்த ஏக்கம் அவரைக் கரையானாக அரித்துக்கொண்டிருந்தது.

இந்த வருடம் பதினெட்டு புள்ளிப் பட்டியலின் உச்சிக்கு வந்துவிட்டது. கடைசிப் பந்தயத்தில் முதலாவதாக வந்தால் கோப்பை. மச்சினன் வீட்டுக்கு வந்தான். தண்ணீர் குடித்தான். வெயிலைப் பற்றிப் பேசினான், டயர் வியாபாரத்தைப் பற்றிப் பேசினான், சுற்றி வளைத்துக் கடைசியில் விஷயத்துக்கு வந்தான். மாமா இந்தத் தடவை வீட்டில் இருந்தால் நல்லது, டிவியும் வேண்டாம், முடிந்தால் போனையும் அணைத்து வைத்துவிடலாம். இவர் தலையை ஆட்டிச் சரி என்றார். அன்று தட்டில் வைத்த சாப்பாடு பாதிக்கு மேல் இறங்கவில்லை.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தது மனைவி. அந்த அம்மா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். காலையிலிருந்து மதியம்வரை ஊசி குத்தி ரத்தம் எடுப்பதுதான் வேலை. கை அவ்வளவு லேசு; குத்தியதே தெரியாது என்பார்கள். பந்தயம் என்றால் அவளுக்கு வேப்பங்காய். தம்பியும் புருஷனும் சேர்ந்து லீவு நாளைப் புகையில் கரைக்கிறார்கள் என்பது அவள் கட்சி. ஆனால் அன்றைக்குத் தட்டை எடுத்துக்கொண்டே தம்பியைப் பார்த்துச் சொன்னாள்.

"அவரும் வருவாரு. நானும் வரேன். இவரு கண்ணு என்னதான் செய்யுதுன்னு பாத்துடலாம்."

மச்சினன் அலறினான். அக்காவிடம் அவன் பாச்சா என்றைக்கும் பலித்ததில்லை. கடைசியில் சமரசத்தைச் சொன்னது லிஃப்ட்காரரே. வருகிறேன், ஆனால் டிராக்குக்கு முதுகைக் காட்டி உட்காருகிறேன், திரும்பவே மாட்டேன் என்றார். வளர்ந்த மனிதர் ஒருவர் இதைச் சொல்ல, வளர்ந்த இன்னொருவன் யோசித்து ஒப்புக்கொண்டான். மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

வேனில் போகும்போது அவள் சும்மா இருக்கவில்லை. "தினமும் எத்தனை பேருக்கு ஊசி குத்தறேன். எல்லாரையும் அந்தப் பக்கம் திரும்பிக்கச் சொல்றேன். அது ஊசிக்காக இல்லீங்க. அவங்களால தாங்க முடியாதுங்கறதுக்காக. நீங்களும் அந்த மாதிரிதான். காருக்கு ஒண்ணும் இல்ல, உங்களுக்குத்தான் தாங்கல" என்றாள். அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். மச்சினன் ஹாரனை அடித்துப் பேச்சை மாற்றினான்.

பந்தயத் திடலை நெருங்கும்போதே இவருக்குக் கைகால் நிலைகொள்ளவில்லை. எரிந்த ரப்பரும் எண்ணெயும் கலந்த அந்த நெடி மூக்கில் ஏறியதும் பாதி வயது குறைந்துவிட்டது. கடைசி வளைவு முடிந்து நேர்ப்பாதை தொடங்கும் இடத்தில் ஒரு புல்மேடு. அங்கிருந்து பந்தயம் முடியும் கோடும் தெரியும். மச்சினனின் கூட்டாளிகள் முன்னாலேயே வந்து இடம் பிடித்திருந்தார்கள். பிரேக்கைக் கண்டதும் அவர்கள் முகம் செத்துவிட்டது. இவர் ஒரு பேச்சும் பேசாமல் போய், டிராக்குக்கு முதுகைக் காட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எதிரே மனைவி உட்கார்ந்தாள். பரிசோதனைக் கூடத்துப் பஞ்சு கைப்பையில் இருந்தது. ஆளுக்குக் கொஞ்சம் கிள்ளிக் கொடுத்தாள், காதில் வைத்துக்கொள்ள.

கார்கள் கிளம்பியபோது சத்தம் காதில் கேட்கவில்லை, உட்கார்ந்திருந்த தரையில் கேட்டது. புல்லுக்கு அடியில் மண் அதிர்ந்து முதுகெலும்பு வழியாக ஏறியது. ஒலிபெருக்கியில் யாரோ தொண்டை கிழியக் கத்துவது தெரிந்தது. என்ன கத்துகிறான் என்று ஒரு வார்த்தையும் விழவில்லை. இவருக்கு மிஞ்சியது மனைவியின் முகம்தான்.

"என்ன ஆச்சு?"

"எல்லாம் போகுது."

"பதினெட்டு எங்க?"

"நீலமா ஒண்ணு மூணாவதா போகுது. அதுவா?"

அதுதான். இவர் கண்ணை மூடிப் பாதையை மனதில் ஓட்டினார். முதல் சில சுற்றுகள் அவள் பதில் எல்லாம் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் மாதிரியே வந்தது. நீலம் மூணாவது. இன்னும் மூணாவது. பிறகு ஒரு சுற்றில் அவள் பேசவில்லை. கண் விரிந்தது. கழுத்து ஒரு பக்கமாக நீண்டது. கை தானாக வந்து இவர் மணிக்கட்டைப் பிடித்தது.

"ஏங்க, இந்தப் பொண்ணு பிரேக்கே போட மாட்டேங்குது" என்றாள்.

"போடுவா. லேட்டாப் போடுவா. போட்டாளா?"

"போட்டுட்டா. ரெண்டாவது வந்துட்டா. ஐயோ, முதல்ல போறவனை ஒட்டிக்கிட்டே போறா, இடம் விட மாட்டேங்கறான் பாருங்க அவன், என்ன பழக்கம் இது?"

முதலில் போனவன் எந்த ஊர்க்காரன் என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஜென்ம விரோதிபோலத் திட்டினாள். இவருக்கு ஒரே சந்தோஷம். கல்யாணமான புதிதில்கூட அவள் முகத்தை இப்படி விடாமல் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். புருவம் ஏறினால் பதினெட்டு நெருங்குகிறது. உதட்டைக் கடித்தால் வளைவு. முழுப் பந்தயமும் அந்த முகத்தில் ஓடிக்கொண்டிருந்தது, ஒன்றும் குறையவில்லை. நீலம் முதலாவதாக வந்தபோது அவள் அவரைப் பிடித்து உலுக்கிய உலுக்கலில் காதிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது.

பந்தயம் முடியும் தறுவாயில் அந்த முகம் அப்படியே நின்றுபோனது. பின்னால் கூட்டம் மொத்தமும் ஒரே குரலில் முனகியது.

"டயரு போயிடுச்சுங்க. ஓரமா ஒதுங்கிட்டா" என்றாள்.

மச்சினன் பாய்ந்து வந்தான். கண்ணில் தண்ணீர், வாயில் தீ. "திரும்பிப் பாத்தீங்களா மாமா? உண்மையச் சொல்லுங்க." இவருக்குப் பேச்சே வரவில்லை. மனைவி எழுந்து நின்றாள். "அவரு கண்ணு என்னை விட்டு நகரவே இல்லடா. பாத்தது பூரா நான்தான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. மச்சினன் வாயைத் திறந்தான், அக்காவை ஏற இறங்கப் பார்த்தான், மூடிக்கொண்டான். அதற்குள் டயர் மாற்றிக்கொண்டு பதினெட்டு மறுபடியும் ஓடத் தொடங்கிவிட்டது என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. ஐந்தாவது இடம். மிச்சம் கொஞ்சம் சுற்றுகள்தான். மனைவி உட்கார்ந்தாள். டிராக்கைப் பார்த்தாள். பார்க்க முடியவில்லை. ஆயிரம் கைகளில் ஊசி குத்திய பெண், ராசியாவது மண்ணாவது என்று வழியெல்லாம் வகுப்பெடுத்தவள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னால ஆகாது. நீங்க பாருங்க."

"நானா?"

"நீங்கதான். நான் உங்க முகத்தைப் பாத்துக்கறேன். இவ்வளவு நேரம் நீங்க அதைத்தானே பண்ணீங்க."

அந்தக் கார் நின்றுபோன ஒவ்வொரு தடவையும் லிஃப்ட்காரர் கண் முன்னால் வந்தது. தான் பார்க்காமலேயே இன்று டயர் போனதும் நினைவுக்கு வந்தது. ராசி கிடையாது, கிரீஸ் உண்டு, கேபிள் உண்டு. அதோடு, எதிரே ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள். அவர் எழுந்து, அவளைத் தன் இடத்தில் உட்காரவைத்துவிட்டுத் திரும்பினார்.

அதோ வந்துகொண்டிருந்தது, நீலமாக, தூசி படிந்து, ஒரு பக்கம் நசுங்கி. மச்சினன் தடுக்க வந்தவன் நடுவழியில் நின்றுவிட்டான், பதினெட்டு நாலாவது ஆளைத் தாண்டியதில். இவருக்குப் பேச்சு வராது என்று யார் சொன்னது? நாக்கில் சக்கரம் கட்டிவிட்டதுபோலக் கொட்டினார். வெளிப்பக்கமாப் போறா, பிரேக் போடல, இன்னும் போடல, இப்பப் போட்டா, மூணாவது, கடைசிச் சுற்று, உள்ளே நுழையறா, ரெண்டாவது. முதலில் போனவன் பின்னாலேயே, ஒரு கை நீளத்தில், நேர்ப்பாதையில் இரண்டு கார்களும் சேர்ந்து சீறிக்கொண்டு இவருக்கு முன்னால் பாய்ந்தன. பிறகு கோடு.

புல்மேடு அமைதியாகிவிட்டது. முதலாவதாக வந்தது வேறு கார். கோப்பையும் வேறு யாருக்கோ. மச்சினன் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். அந்தத் துக்க வீட்டின் நடுவே லிஃப்ட்காரர் மட்டும் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு குதித்தார். வயதுக்குச் சற்றும் பொருந்தாத குதி. மனைவி அந்த முகத்தைப் பார்த்து ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்து, தானும் எழுந்து கை தட்டினாள்.

"ஜெயிச்சுட்டாளா?"

"இல்ல. ரெண்டாவது."

"அப்புறம் எதுக்குங்க இந்தக் குதி?"

"நிக்கல. நான் பாத்துட்டே இருந்தேன், அது நிக்கவே இல்ல." அவள் அவர் சட்டையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டாள்.

திரும்பும்போது வேனில் மச்சினன்தான் மெல்ல ஆரம்பித்தான். அடுத்த வருடம் மாமா தாராளமாகப் பார்க்கலாம். அவர் கண்ணில் குற்றமில்லை. ஆனால் அக்கா பார்த்துக்கொண்டிருந்தபோதுதானே டயர் போனது, அதை யோசிக்க வேண்டாமா என்றான். லிஃப்ட்காரருக்கு முகம் சிவந்தது. கிரீஸ், கேபிள் என்று தொடங்கப் போனார். மனைவி அவர் கையை அழுத்தி நிறுத்தினாள்.

"சரிடா, நான் முதுகைக் காட்டியே உக்காந்துக்கறேன். இவருக்கு எதிர்ல எனக்கு ஒரு இடம் பிடிச்சு வை" என்றாள்.