மூன்று ஊதல்

1994 ஜூன் 12, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பதினைந்து நிமிடம். இன்பசேகரனை நான் முதன்முதலாகக் கண்டது அப்போது. கே.கே. நகரில் எங்கள் வீட்டு மாடிக்கு அவர் முந்திய நாள்தான் குடிவந்திருந்தார். விசில் சத்தம் கேட்டு என் தந்தை சௌந்தரராஜன் பதறி வெளியே ஓட, நானும் பின்னால் ஓடினேன். பனியனும் அரைக்கால் சட்டையுமாக மாடிப்படியில் நின்றிருந்தவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ஒண்ணுமில்லங்கய்யா, பாப்பா பல்லு வெளக்க மாட்டேங்குது" என்றார்.

அவர் ஒரு மிஷன் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். வயது முப்பத்து நான்கு. மனைவி சகாயமேரி செவிலியர். ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் அவ்வாண்டு ஏப்ரலில் சவுதிக்குப் போயிருந்தார். மகள் ஜெனிஷாவுக்கு நான்கு வயது. கோடை விடுமுறை தந்தைக்கும் மகளுக்கும் ஒன்றாகவே வரும். நாள் முழுவதும் இருவரும் வீட்டில்தான். அந்த வாரங்களை அவர் தமக்குத் தெரிந்த ஒரே முறையில் நடத்தினார். சுவரில் கால அட்டவணை ஒட்டினார்.

அந்த அட்டவணையை நான் பார்த்திருக்கிறேன். ஆறேகாலுக்குப் பல். ஆறரைக்குப் பால். ஏழு மணிக்குக் குளியல், இரண்டு வாளிக்கு மிகாமல். எட்டு மணிக்குச் சடை. சடை மட்டும் அவருக்குக் கடைசிவரை கைவரவில்லை. கைப்பந்து வலை கட்டும் முடிச்சையே மகளின் தலையிலும் போட்டார். அதை அவிழ்க்க மாலையில் என் தாய் சுந்தரவல்லி சீப்புடன் மாடியேற வேண்டியிருந்தது. ஒன்பதிலிருந்து வாசிப்பு, ஓவியம், சாப்பாடு, தூக்கம், விளையாட்டு. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஓர் ஊதல்.

"லீவுலயும் பீரியடாப்பா?" என்னும் ஜெனிஷாவின் குரல் கீழே வரை கேட்கும்.

"லீவுலதான் பீரியடு வேணும். இல்லாட்டி நீ என்னய மேய்ச்சிருவ."

"நீ மட்டும் டிராயிங் பீரியடுல தூங்குன?"

"அது ரவுண்ட்ஸ்."

"கண்ண மூடிக்கிட்டா ரவுண்ட்ஸ் போவாங்க?"

அடுத்த ஆண்டு அவருக்குத் தொலைபேசி இணைப்புக் கிடைத்தது. தெருவில் வேறு எவரிடமும் அது இல்லை. ஆறு வீட்டார் அந்த எண்ணை எழுதி, பக்கத்தில், அடுத்த வீட்டுப் போன் என்பதற்கு அடையாளமாக, 'பி.பி.' என்று சேர்த்துத் தம் எண்ணாகக் கொடுத்துக்கொண்டார்கள். யாருக்கேனும் அழைப்பு வந்தால், ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிடச் சொல்லிவிட்டு, இன்பசேகரன் மாடிச் சுவரோரம் வந்து விசில் ஊதுவார். வீட்டுக்கு ஒரு கணக்கு. எங்களுக்கு மூன்று ஊதல்: இரண்டு நீளம், ஒன்று குட்டை. எந்த வேலையில் இருந்தாலும் அது கேட்டதும் உடம்பு தானாக எழுந்துகொள்ளும்.

ஆனால் அவர் போன் வாங்கியது எங்களுக்காக அன்று. மாதத்தின் நான்காம் வெள்ளி, பகல் பன்னிரண்டு மணிக்குச் சகாயமேரி கூப்பிடுவார். அங்கே மருத்துவமனைக் குடியிருப்பில் ஒரே ஒரு போன். செவிலியர் வரிசையில் நின்று ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசலாம். தொடக்கத்தில் அந்த ஐந்தில் மூன்று நிமிடம் ஜெனிஷாவின் அழுகையிலும் மௌனத்திலும் கழிந்தது. அதனால் இன்பசேகரன் அழைப்பு வரும் வெள்ளியன்று காலையில் ஒத்திகை வைக்கலானார். சொல்ல வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி, ஓட்டப் பந்தயத்துக்கு வைத்திருந்த ஸ்டாப்வாட்சை அழுத்துவார்.

1996 மே 24, வெள்ளிக்கிழமை. என் தந்தையின் அலுவலக நண்பர் வீட்டுத் திருமணத்துக்காகக் காலை ஆறரைக்கே நாங்கள் திருப்பரங்குன்றம் புறப்பட்டோம். கதவைப் பூட்டும்போது மாடியில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

"அம்மா நல்லாருக்கியா. எனக்கு முன்னாடிப் பல்லு விழுந்துருச்சு. கூரைல போட்டாச்சு. ரெண்டாவது ரேங்க். நீ அனுப்புன கவுனு பத்தல..."

"நிறுத்து. பத்தலன்னு சொன்னா அங்க அழுவா. நல்லாருக்குன்னு சொல்லு, அம்புட்டுத்தான்."

"பொய் சொன்னா ஃபாதர் திட்டுவாரு."

"சரி, கவுன விட்டுரு. பல்லச் சொல்லு. பல்லுதான் முக்கியம்."

பத்து மணி இருபது நிமிடத்துக்குப் போன் அடித்தது. அம்மாதான் முன்னதாகக் கூப்பிடுகிறாள் என்று எண்ணி ஜெனிஷா ஓடி எடுத்தாள். "அம்மா இல்லப்பா, யாரோ காலேஜாம்" என்று தந்தையிடம் நீட்டினாள். அழைப்பு எனக்கு. தனிப்பயிற்சிக் கூடங்களில் மூன்றாண்டு பாடம் சொல்லிவிட்டு, ஐந்து கல்லூரிகளுக்கு விண்ணப்பித்திருந்தேன். அவற்றுள் ஒன்றில் விரிவுரையாளர் ஒருவர் நீண்ட விடுப்பில் போகிறார். ஒரு மணிக்குள் அசல் சான்றிதழ்களுடன் வந்தால் முதல்வரைப் பார்க்கலாம், வராவிட்டால் பட்டியலில் அடுத்தவரை அழைப்பார்கள்.

கீழ்வீடு பூட்டியிருந்தது. திருமணம் திருப்பரங்குன்றத்தில் என்பது அவருக்குத் தெரியும். எந்த மண்டபம் என்பது தெரியாது. அதன்பின் நடந்ததை ஜெனிஷா பிற்பாடு எனக்குச் சொன்னாள்.

"அப்ப அம்மா போன்?"

"பன்னண்டுக்குள்ள வந்துரலாம் பாப்பா. போக முப்பத்தஞ்சு நிமிசம், வர முப்பத்தஞ்சு, தேட இருவது. செருப்பப் போடு."

டி.வி.எஸ். 50 வண்டியில் முன்னால் அவளை நிற்கவைத்துக் கிளம்பினார். பதினொரு மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தார். போகும் நேரம் கணக்கில் தவறவில்லை. தேடும் நேரம் தவறியது. வைகாசி முகூர்த்த நாள். கோவிலிலும் மண்டபங்களிலுமாக எத்தனை கல்யாணம் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. நான்கு மண்டபங்களுக்குள் மகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, கடைசியில் தெரு நடுவே நின்று விசிலை எடுத்தார்.

நான் பந்தியில் இருந்தேன். இலையில் பாயசம் விழுந்த வேளை. இரண்டு நீளம், ஒரு குட்டை. எழுந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர், "என்ன தம்பி, பாயாசத்தத் தொடாமயே எந்திரிக்கிறீக?" என்றார். கை கழுவாமலே வெளியே ஓடினேன். போக்குவரத்துக் காவலர் ஒருவர் இன்பசேகரனிடம், "யோவ், இங்க விசில் ஊத கவர்மெண்டு என்னயத்தான்யா போட்டுருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மணி பதினொன்று நாற்பது.

"ஸ்ரீநாத் தம்பி, ஒரு மணிக்குள்ள காலேஜ்ல நிக்கணும். ஏறுங்க. வெவரம் போற வழியில சொல்றேன்."

மூவரைச் சுமந்த வண்டி மெதுவாகவே போயிற்று. பழங்காநத்தத்தில் ஜெனிஷா, "மணி என்னப்பா?" என்றாள். "பன்னண்டு ஆகப்போகுது" என்றார். பெரியார் நிலையத்தருகே மறுபடி கேட்டாள். "பன்னண்டு அஞ்சு." கோரிப்பாளையம் சந்திப்பில் மூன்றாம் முறை கேட்டபோது அவர் வண்டியை இன்னும் முறுக்கினார். "பசிக்குதா பாப்பா?" என்று கேட்டேன். காலையில் ஒத்திகையைக் காதால் கேட்டவன் நான். அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு வீடு சேர்ந்தோம். சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஓடினேன். ஒரு மணிக்குப் பத்து நிமிடம் முன்னதாகக் கல்லூரியில் இருந்தேன். வேலை கிடைத்தது. ஈராண்டில் அது நிரந்தரமாயிற்று. இன்றும் அங்கேதான் பணிபுரிகிறேன்.

மாலையில் திரும்பியபோது தெருமுனையில் மலையம்மாள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பதினொன்றரைக்கு மேல்தான் அவள் எங்கள் தெருவுக்கு வண்டியைத் தள்ளிவருவாள்.

"ஒங்க மாடில பன்னண்டு மணிக்கு அந்தப் போனு அடிச்சு அடிச்சு ஓஞ்சுச்சு தம்பி. மூணு வாட்டி. கதவு பூட்டிக் கெடக்கு, நான் என்ன செய்ய? அந்தப் பிள்ள வந்ததுலருந்து போனுக்குப் பக்கத்துலயே குத்தவச்சிருக்கு. துணி குடுக்கப் போனேன், ஏறெடுத்துப் பாக்கல."

அப்போதுதான் அது நான்காம் வெள்ளி என்பது எனக்கு உறைத்தது. மாடிக்குப் போனேன். ஜெனிஷா தாளை மடியில் வைத்துக்கொண்டு போனருகே உறங்கிப்போயிருந்தாள். விளையாட்டுக்கான ஊதல் அன்று ஊதப்படவில்லை.

"வேல கெடச்சுச்சா?" என்று கேட்டார் இன்பசேகரன்.

"கெடச்சுருச்சு சார். ஆனா..."

"கெடச்சுச்சுல்ல. அவ அடுத்த மாசம் பேசுவா. மெதுவாப் பேசுங்க, பிள்ள தூங்குது."

அவர் அதைப் பற்றிப் பேசியது அவ்வளவே. ஜூன் மாத அழைப்புக்குள் ஜெனிஷாவின் ஈறில் புதுப்பல் முனை காட்டிவிட்டது. தாளிலிருந்து பல்லை அவளே அடித்துவிட்டாள் என்று என் தாய் சொன்னார்.

1999இல் சகாயமேரி திரும்பி வந்தார். நத்தம் சாலைப் பக்கம் சொந்த வீடு கட்டிக் குடிபோனார்கள். அதற்குள் தெருவில் வீட்டுக்கு வீடு போன் வந்திருந்தது; விசிலுக்கு வேலை இல்லை.

2007 மே மாதம் எங்கள் கல்லூரியில் இளநிலை வகுப்புகளுக்குச் சேர்க்கை நடந்தது. சேர்க்கைக் குழுவில் நானும் ஒருவன். பதினொரு மணி வெயிலில் விண்ணப்ப வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. ஏறத்தாழ நாற்பதாவது ஆளாக இன்பசேகரன் நின்றிருந்தார். பக்கத்தில் பதினேழு வயது ஜெனிஷா. என் அறை அங்கிருந்து இரண்டு கதவு தள்ளியே இருந்தது, வாசலில் பெயர்ப்பலகையுடன். அதைக் கடந்துதான் அவர்கள் வரிசைக்கு வந்திருக்க வேண்டும்.

எழுந்து போனேன். "சார், ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே. வாங்க, உள்ள ஒக்காருங்க."

"எதுக்கு தம்பி? பிள்ள நல்ல மார்க்குதான் வாங்கியிருக்கு. வரிசையும் நகருது. நீங்க வேலையப் பாருங்க."

ஜெனிஷா சிரித்தாள். வற்புறுத்தினேன்; அவர் அசையவில்லை. முதல் பட்டியலிலேயே, மதிப்பெண்ணின் பேரில், அவள் பெயர் இருந்தது. அதில் என் பங்கு ஏதுமில்லை. அன்று நான் திரும்பி நடந்தபோது அவர் என்னை ஒரு முறை கூப்பிட்டார். நின்றேன்.

மதிப்பெண் சான்றிதழுக்கு இன்னொரு நகல் வேண்டுமாம். ஜெராக்ஸ் கடை எந்த வாசல் பக்கம் என்று கேட்டார். காட்டினேன்.