அந்தோணி போட்டுவந்த வெள்ளைச் சட்டை

ஊரில் எனக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஷார்ஜாவில் நான் பேச்சலர். குடும்பத்தைக் கூட்டிவரச் சம்பளம் போதாதவனுக்கு இங்கே அதுதான் பெயர். பூங்காவில் ‘ஃபேமிலி ஒன்லி’ என்று பலகை வைத்து நம்மை வெளியே நிறுத்துவார்கள். ஐந்து வருடத்தில் பழகிவிட்டது. பழகிப்போனதற்குத்தான் இப்போது என்மேலேயே எனக்கு ஆத்திரம்.

நான் ஒரு பல்கலைக்கழகத்தின் கலாசார மையத்தில் ஆபீஸ் பாய். மெக்சிகோ, கொலம்பியா பக்கத்து மாணவர்களுக்காகத் தொடங்கிய மையம். அக்கம்பக்கத்து மக்களுக்கும் அது பொது என்று வாசலிலேயே எழுதியிருக்கும். அதை நடத்தும் மரியா மேடத்தின் அப்பா மெக்சிகோவிலிருந்து அமெரிக்கா போய்த் தக்காளித் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர். அந்தத் தோட்டத்துக் கூலிகளின் படங்களோடு இங்குள்ள தொழிலாளிகளின் படங்களையும் சேர்த்துக் கண்காட்சி வைக்க மேடம் ஆசைப்பட்டார். என்னிடம் ஒரு சின்ன கேமராவைக் கொடுத்தனுப்பினார்.

ஷார்ஜாவின் ரோலா பகுதியில் எங்கள் ரூமில் எட்டுப் பேர். பெயிண்டர் அந்தோணி, குளச்சல்காரன், டைமர் வைத்து ஒரு படம் எடுத்தான். தரையில் பேப்பர் விரித்து எல்லோரும் சாப்பிடுகிறோம். நடுவில் குபூஸ் ரொட்டியைப் பிய்த்தபடி சிரிப்பது அந்தோணி. அதைத்தான் மேடம் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி முதல் சுவரில் மாட்டினார். அதன் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்ப வேண்டும் என்று அந்தோணி ஒரு வாரமாக அதே பேச்சாக இருந்தான்.

கண்காட்சி வெள்ளிக்கிழமை. அவனுக்கு இருக்கிற ஒரே லீவு நாள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், அத்தர் பூசி வந்தவனை கேட்டில் செக்யூரிட்டி நிறுத்தினான்.

“ஆஜ் ஃபேமிலி டே, பாய். பேச்சலர் மாஃபி.” இன்று குடும்பத்தோடு வருபவர்களுக்குத்தான், பேச்சலருக்கு இடமில்லை என்கிறான்.

உள்ளே தன் போட்டோ மாட்டியிருக்கிறது என்று அந்தோணி தனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லிப் பார்த்தான். செக்யூரிட்டி நேபாளி, அவனும் நம்மைப் போல பேச்சலர்தான். நான் ஓடிப்போய் மேடத்திடம் சொன்னேன். அவர் முகம் வாடியது. “இது அநியாயம். நாளைக்கே நிர்வாகத்துக்கு மெயில் போடுகிறேன்,” என்றார். நாளைக்கு அந்தோணி பதினாலாவது மாடியில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருப்பான். மேடம் நின்ற இடத்திலிருந்து கேட்டுக்கு இருநூறு அடிகூட இருக்காது. தக்காளித் தோட்டத்துக் கூலியின் மகள் அந்த இருநூறு அடியை நடக்கவில்லை, விருந்தாளிகள் இருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்டோரில் கிளீனர்களின் நீல கவரால் உடுப்பு ஒன்று தொங்கியது. அந்தோணியைப் பின் கேட்டுக்கு வரச் சொல்லிவிட்டு, அதை எடுத்துக்கொண்டு போனேன். சட்டைக்கு மேலே அதை மாட்டி, கையில் தரை துடைக்கும் மாப்பைப் பிடித்ததும் அந்தோணியை யாரும் ஏறிட்டும் பார்க்கவில்லை.

படத்துக்கு முன்னால் போய் நின்றான். நான் போனை எடுத்தேன்.

“வேண்டாம்ணே. இந்தத் துணியில எடுத்து அனுப்புனா அவ அழுவா.”

“அப்ப கழத்திரு.”

“கழத்துனா வெளிய தள்ளிருவானுவ.”

அப்போது ஒரு மாணவி கேமராவோடு வந்தாள். படத்தில் இருந்தவனைக் காட்டி, எவ்வளவு அழகான சிரிப்பு என்று தோழியிடம் சொன்னாள். முன்னால் நின்றவன் அவளுக்குப் படத்தை மறைத்தான். அவள் வாய் திறக்குமுன் நானே சொல்லிவிட்டேன், ட்யூட்டியில் கிளீனர்களிடம் தினமும் சொல்கிற பழக்கத்தில்.

“பாய், தோடா சைடு.”

அந்தோணியிடம் நான் இந்தியில் பேசியது அதுதான் முதல் தடவை. அவன் மாப்பை எடுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினான். கவராலின் கழுத்தில் வெள்ளைக் காலர் கொஞ்சம் தெரிந்தது. அவள் எங்கள் எட்டுப் பேரையும் படம் எடுத்துக்கொண்டு போனாள்.